கனைத்ததும் நின்ற ட்ரம்

எண்பதுகளின் தொடக்கத்தில், குவைத்தில் வேலை செய்த என் மனைவியின் தம்பி கரண்டில் வாசிக்கும் ஓர் ஓகனைக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினான். இரண்டு வரிசைக் கட்டைகள், மேலே கலர் கலராகச் சுவிச்சுகள். தூக்கிவர அவனுடைய கூட்டாளி ஒருவனும் வந்தான். கல்யாண வீடுகளில் பைலாப் பாட்டுப் பாடும் கோஷ்டியில் ட்ரம் அடிப்பவன்.

"இதெல்லாம் நமக்கு ஆகாது. ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்றேன்.

மனைவி ஒரு சீலையால் அதை மூடினாள். அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன்.

நான் கல்முனையில் கணக்கு ஆசிரியர். ஒருநாள் பாடசாலையில், எங்கள் தெருவில் இருந்த இன்னோர் ஆசிரியர் கேட்டார்: "என்ன மச்சான், உங்கட ஊட்டுல பகல்ல கச்சேரியாம். ஒரு ஆள் வாசிக்க, ஒரு ஆள் அடிக்காராம். எங்களுக்குச் சோறு இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடிக்கிற ஆள் யார் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் வாசல் கேற்றில் நின்று கனைக்காமல் வளவுக்குள் கால் வைப்பதில்லை. உள்ளே அயல்பெண்கள் இருந்தால் முக்காட்டைச் சரிசெய்ய அவகாசம் வேண்டும். சொந்த வீடென்றாலும் கனைக்க வேண்டும். நான் இருந்ததோ மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. நான் அங்கே வந்த மாப்பிள்ளை.

மறுநாள் கேற்றடியில் எனக்கும் கேட்டது. பாட்டு ஒரு பக்கம், ட்ரம் ஒரு பக்கம், அடியில் கனத்த தந்திச் சத்தம். கனைத்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. உள்ளே போனால் ஓகன் சீலைக்குள் இருந்தது, மனைவி அடுப்படியில் இருந்தாள்.

"ஆரும் வந்தாங்களா?"

"இல்லையே."

முற்றத்து மணலில் காலடி தேடினேன். ஒன்றும் இல்லை, விளக்குமாற்றின் வரிகள்தான் இருந்தன. வழக்கமாகக் காலையில் பெருக்குகிறவள் இன்று ஏன் பின்னேரம் பெருக்கினாள் என்று யோசித்தேன். காலையில் பெருக்கிய வரிகள் கலையாமல் கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றவே இல்லை. சோற்றை அவள் கூடுதலாக வைத்தால் சந்தேகம், குறைவாக வைத்தால் சந்தேகம்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பாதிப் பாடத்தில் தலையிடி என்று சொல்லிவிட்டு வந்தேன். கனைக்கவில்லை. பின்வேலியால் புகுந்து, கிணற்றடியைத் தாண்டி, நேரே முன்னறைக்குப் போனேன்.

பாயில் முக்காடில்லாமல் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பெண், "அல்லாஹ்!" என்று அலறி, சீலைத்தலைப்பை இழுத்தபடி ஓடினாள். நான் அவளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. படுக்கையறைத் திரையை விலக்கிப் பார்த்தேன்.

"கட்டிலுக்குக் கீழயும் பாருங்க," என்றாள் மனைவி.

திரும்பினேன். அவள் ஓகனின் முன்னால் இருந்தாள். இரண்டு கைகளும் மடியில். ட்ரம் அடித்துக்கொண்டே இருந்தது. தந்திச் சத்தமும் நிற்கவில்லை.

"இவரையா தேடினீங்க? ஒரு விரலால தொட்டு விட்டா, மத்ததெல்லாம் இதுவே அடிக்கும். நீங்க ஆகாது எண்டீங்க. அதுதான் உங்கட கனைப்பு கேட்டா அமத்திருவன்."

அயல்வீட்டுப் பெண் அதன்பிறகு எங்கள் வளவுக்கு வரவில்லை.

மறுநாள் கேற்றில் கனைத்தேன். உள்ளே ட்ரம் தொடங்கியது. போய்ப் பார்த்தேன்; ஓகன் தானே அடித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். எந்தச் சுவிச்சை அமத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவள் வந்து அமத்தும்வரை பக்கத்தில் நிற்பேன்.

பல நாள் கழித்துத்தான் கேட்டேன்: "நான் செஞ்சது பிழை. ஒருக்கா வாசியன் புள்ள."

"ஆரு அடிக்க, ஆரு வாசிக்க?" என்று கேட்டுவிட்டு, அவள் சீலையை எடுத்து ஓகனை மூடினாள்.