கப்பலில் போன மத்தாப்பு

சிவகாசியில் ஞானசுந்தரியிடம் காலண்டர் அடிக்கக் கொடுக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டுதான் போவார்கள். சொன்ன தேதிக்குச் சரக்கு வந்துவிடும். சொன்ன விலையில் ஒரு பைசா இறங்க மாட்டாள். "அந்தம்மாகிட்ட இளகுனது ஏதாவது இருக்கா?" என்று கேட்ட ஒரு கடைக்காரருக்கு, "பசை இருக்கு. ஒரு வாளி தரட்டுமா?" என்று பதில் சொன்னவள் அவள்.

பிறக்கும்போதே அச்சகத்துக்காரியாகப் பிறந்துவிடவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு தினசரி காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போனவள். அடுக்கிய தாளின் தலையில் தகரத்தை வைத்து ஒரே அடியில் மடக்க வேண்டும். தப்பினால் விரல் போச்சு. இடது பெருவிரல் நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது. அதே பட்டறையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பலவேசத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். கொஞ்ச வருஷத்தில் இருவருமாக, மூடப்போன ஓர் அச்சகத்தின் பழைய மெஷினைத் தவணையில் வாங்கினார்கள். கம்பெனி யார் பெயரில் என்ற பேச்சு வந்தபோது பலவேசம்தான், "உன் பேருக்கே வையி சுந்தரி. என் பேருல இருந்தா வாரவன் போறவனுக்கெல்லாம் காலண்டரச் சும்மா கொடுத்துருவேன்" என்றார். தன்னைப் பற்றி அவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கும் மனிதர்கள் அபூர்வம்.

மலேசியாவில் கிள்ளான் பக்கம் கடை வைத்திருக்கும் தமிழர்கள் சிலர் அவளிடம் காலண்டர் கேட்டபோது, ஒரு கன்டெய்னரை நிரப்பும் அளவுக்கு அவளிடம் சரக்கு இல்லை. அதற்காக வந்த ஆர்டரை விடுகிற ஆளா அவள்? விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணனைப் பிடித்தாள். சாத்தூரில் சேவு போட்டு விற்கும் வினோலியாவைப் பிடித்தாள். பருப்பு, அப்பளம், ஊறுகாய் என்று இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஆறு பேர் சரக்கும் ஒரே கன்டெய்னரில், அவள் கம்பெனி பெயரில், தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. கூட்டு லோடு என்று பெயர். நாலு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போனது.

ஐந்தாவது வருஷம், டிசம்பர் பிறந்ததும், துறைமுக வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் ஏஜெண்ட் ஜெயசுந்தர் போன் போட்டார். "அக்கா, நம்ம கன்டெய்னர் பெட்டியைக் கிள்ளான் கஸ்டம்ஸ்ல பிடிச்சு வச்சுட்டாக. எல்லாரையும் வரச் சொல்லுங்க."

நவநீதகிருஷ்ணன் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் கூடினார்கள். வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே ஜெயசுந்தர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். மூட்டைகளுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில் செருகிவைத்திருந்த ஒரு பொட்டலம். பிரித்த தாளின் மேல் நாலு பெட்டி கம்பி மத்தாப்பு.

"சொல்லாம கொள்ளாம வெடிச் சரக்கு அனுப்புனதாக் கேஸு" என்றார் ஜெயசுந்தர். "வச்சது யாருன்னு எழுதிக் கொடுத்தா, அவுக சரக்கை மட்டும் நிறுத்திக்கிட்டு மத்ததை விட்ருவாக. இல்லன்னா விசாரணை முடியிற வரைக்கும் பெட்டி அங்கனதான் கிடக்கும். ஆறு மாசம் கிடந்த பெட்டியும் உண்டு."

ஆறு மாசம் மூடிய பெட்டிக்குள் கிடந்தால் வத்தல் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். சேவு எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கும். காலண்டரோ, கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேரும் தாலி மாதிரி ஆகிவிடும்.

"நான் வைக்கல" என்றார் நவநீதகிருஷ்ணன். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. "என் கிட்டங்கிக்குள்ள தீப்பெட்டி கூடக் கொண்டாரக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கேன். கேட்டுப் பாருங்க." எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். மற்றவர்களும் ஆளுக்கொரு சத்தியம் செய்தார்கள். பிறகு அவரே வழியும் சொன்னார். "லோடு ஏத்துனவன் முனியராஜ். அவன் செருகிட்டான்னு எழுதிருவோம். நம்ம பேரும் கெடாது, சரக்கும் வந்துரும்."

முனியராஜ் அந்தக் கிட்டங்கியிலேயே மூட்டை தூக்குகிறவன். நாற்பது வயது. அன்றைக்கு வெம்பக்கோட்டைக்கு லோடு இறக்கப் போயிருந்தான்.

"எழுதலாம். ஆனா இங்கன அவன் மேல போலீஸ் கேஸ் வரும்" என்றார் ஜெயசுந்தர்.

"அவனுக்கு என்ன கப்பலா கவிழ்ந்துரப் போகுது?" என்றார் பருப்புக்காரர்.

ஞானசுந்தரி எழுந்துவிட்டாள். "தூக்குனவன் அவன். வச்சவனும் அவன்தானா? நீங்க பார்த்தீகளா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆகக் கூடாது. லோடு என் கம்பெனி பேர்ல போயிருக்கு. நாளைக்கு வரைக்கும் ஒருத்தரும் ஒரு தாள்லயும் கையெழுத்துப் போடக் கூடாது. வச்சவுகளை நான் கண்டுபிடிக்கேன்."

சிவகாசி பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். வைத்த ஆளைக் காட்டும் அடையாளம் ஏதாவது உண்டா என்றுதான் பார்த்தாள். கண்ணில் பட்டது தாள். அச்சில் கழிந்த தாளுக்குச் சிவகாசியில் பஞ்சமா? கடலை மடிப்பதும் அதில்தான், பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுவதும் அதில்தான். அதனால்தான் கிட்டங்கியில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் இந்தத் தாளில் இருந்த முருகனுக்கு முகம் பச்சையாக இருந்தது. மை கலந்ததில் கோளாறாகி அப்படி விழுந்த தாள். சாமி முகத்தை இப்படியா அடிப்பது என்று மெஷினை நிறுத்தி, பலவேசத்தை அவள் வாங்கு வாங்கென்று வாங்கிய நாள் நன்றாக நினைவிருந்தது. ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அது கடல் தாண்டிப் போயிருக்கிறது.

அச்சகத்தில் பலவேசம் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாரு வச்சது?"

அவர் பார்த்ததும் சிரித்தார். "நாந்தேன், லோடு ஏத்துறப்ப செருகுனேன். கிள்ளான் கடைக்காரரோட பேத்தி இல்ல, அது போன்ல, 'தாத்தா, மத்தாப்பு அனுப்புவீங்களா'ன்னு கேட்டுச்சு. சிவகாசியில இருந்து பெட்டி போகுது, ஒரு மத்தாப்பு இல்லாமலா? போய்ச் சேந்துருச்சா?"

அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. மெஷினையும் நிறுத்தினார். "இதுக்குத்தான் பிடிச்சு வச்சிருக்காகளா சுந்தரி?"

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது? நாலு வருஷமாகக் கட்டி எழுப்பிய பேரை நாலு பெட்டி மத்தாப்பு தின்றுவிட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே புகுந்தது. அந்தப் பச்சை முகத்தை அடையாளம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டே பேர்தான். இருவரும் இந்த அறைக்குள் நிற்கிறார்கள். அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

"பேசாம முனியராஜ்னே எழுதிரட்டுமேன்னு எனக்கே தோணுதுங்க" என்றாள். சொன்ன பிறகு தன் குரலே தனக்கு வெட்கமாக இருந்தது.

"வேண்டாம்மா. நான் போய் ஒத்துக்கிடுதேன்."

"நீங்க ஒத்துக்கிட்டு? கம்பெனி என் பேர்லல்லா இருக்கு. நான்தான் சொல்லணும். கையைக் களுவிட்டு வாங்க, சாப்பிடுவோம்."

அன்றைய குழம்பில் உப்பே இல்லை. பலவேசம் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் கிட்டங்கிக்குள் நுழைந்ததும் ஞானசுந்தரி, "முனியராஜையும் கூப்பிடுங்க" என்றாள். "அவன் பேரைத்தான எழுத இருந்தீக. அவனும் கேக்கட்டும்." தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே அவன் வந்து நின்றான். அவள் சுற்றி வளைக்கவில்லை. "பொட்டலம் என்னோடது. எங்க வீட்டுக்காரர் வச்சது. எனக்குத் தெரியாமத்தான் வச்சாரு, ஆனா கம்பெனி என் கம்பெனி. என் பேருக்கே எழுதுங்க தம்பி. காலண்டர் போனாப் போகட்டும்."

யாராவது பெருமூச்சு விடுவார்கள், யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஜெயசுந்தர் மட்டும் உற்சாகமாகிவிட்டார். "நல்ல காரியம் பண்ணுனீக அக்கா. இனிமே பிரச்சினை இல்ல. மத்தவுக சரக்கை ஒவ்வொரு மூட்டையாப் பிரிச்சுப் பார்த்துட்டு விட்ருவாக."

"பிரிச்சா?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"ஆமா அண்ணாச்சி. ஒரு தடவை வெடி கிடைச்சுட்டா அம்புட்டையும் பிரிக்காம விட மாட்டாக."

நவநீதகிருஷ்ணன் பக்கத்தில் இருந்த மூட்டை மேல் உட்கார்ந்தார். முதலில் பேசியது வினோலியா. "அக்கா, நானும் சேவு டின்னுக்குள்ள ரெண்டு பூச்சட்டி வச்சிருக்கேன். அங்க வாங்குறவக வீட்டுப் பிள்ளைக கிறிஸ்துமசுக்குக் கொளுத்தட்டுமேன்னு..." அப்பளக்காரர் தொண்டையைக் கனைத்தார். அவர் வைத்தது தரைச்சக்கரம். கடைசியாக நவநீதகிருஷ்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க அய்யா காலத்துல இருந்தே வெளியூர் போற மொத மூட்டைல ஒரு சாட்டைப் பாக்கெட்டு வைப்போம். வாங்குறவுகளுக்கு ஒரு சந்தோஷம்" என்றார்.

ஆறு பேரில் நாலு பேர். நேற்று செய்த சத்தியமெல்லாம் என்ன சத்தியம் என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. படத்தைப் பார்த்த ஒவ்வொருவரும், மாட்டியது தன்னுடையதோ என்றுதான் நடுங்கியிருக்கிறார்கள். ஒரு நிமிஷம் அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

முனியராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாலு பேர் வச்சதுக்கும் சேத்து என் ஒருத்தன் பேரையா எழுத இருந்தீக?" என்றான். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் அச்சகத்தில் தான் சொன்ன வார்த்தை ஞானசுந்தரிக்குச் சுட்டது.

நவநீதகிருஷ்ணன் இன்னும் ஒரு கல்லை எறிந்து பார்த்தார். "தங்கச்சி, நீதான் ஒத்துக்கிட்டியே. மத்ததும் உன்னோடதுன்னே..."

"எங்க வீட்டுக்காரர் வச்சதுக்கு நான் பொறுப்பு அண்ணாச்சி. உங்க மூட்டைல உள்ளதுக்கு நீங்கதான் பொறுப்பு. அவுகளாக் கண்டுபிடிச்சா அதுக்குப் பேரு கடத்தல். நாமளாச் சொன்னா புத்தி கெட்ட வேலை. புத்தி கெட்டவுகன்னு பேர் வாங்குறது எம்புட்டோ மேலு. தம்பி, நாலு பேருக்கும் தனித்தனியா எழுதுங்க. எழுதி முடிக்காம இங்கன இருந்து நான் எந்திரிக்க மாட்டேன்."

வாசலுக்குக் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தாண்டித்தான் யாரும் வெளியே போக முடியும். எழுதினார்கள்.

நடந்தது நல்லதும் கெட்டதுமாகத்தான் இருந்தது. தாமாகச் சொன்னதால் அங்கே நாலு பேருக்கும் அபராதத்தோடு விட்டார்கள். வெடியை எடுத்து அழித்தார்கள். வத்தல் பாதி விலைக்குப் போனது. சேவு வீணாயிற்று. முதலில் மாட்டியது ஞானசுந்தரியின் பொட்டலம் என்பதால் காலண்டரைக் கடைசியாகத்தான் விட்டார்கள். பொங்கலும் முடிந்து, அங்கே எல்லாக் கடைச் சுவரிலும் வேறு யாரோ அடித்த காலண்டர் தொங்கிய பிறகு அது போய்ச் சேர்ந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பலவேசம் ஒரு வாரம் மெஷின் பக்கமே வரவில்லை.

"கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்பாக. நமக்குக் கப்பல்கூடக் கவுரல. எந்திரிங்க" என்று அவரை இழுத்து வந்தாள். கிள்ளானுக்குப் போன் போட்டாள். ஜனவரி போனால் சித்திரை வராதா? தமிழ் வருஷப் பிறப்பில் தொடங்கிப் பங்குனியில் முடிகிற மாதிரி ஒரு காலண்டர் அடித்துத் தருகிறேன் என்றாள். விலையைக் குறைக்கச் சொன்னார்கள். குறைக்க மாட்டேன், இந்தத் தடவை சரக்கு கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள் என்றாள். பழைய கடைக்காரர்களில் மூன்று பேர் சரி என்றார்கள். மூன்று பேருக்கு அடித்தாள்.

மாசிக் கடைசியில் மறுபடியும் கூட்டு லோடு. கிட்டங்கி வாசலில் கன்டெய்னர் வாயைத் திறந்துகொண்டு நின்றது. லோடு ஏற்ற வேண்டிய முனியராஜ் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் ஆட்களும் நின்றார்கள்.

"என்னலே, ஏத்தலியா?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"அம்புட்டையும் பிரிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி. நான் கைய விட்டுப் பார்க்கணும். பார்க்காத சரக்கை நாங்க தொட மாட்டோம்."

நவநீதகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. கூலிக்கு மூட்டை தூக்குகிறவன் முதலாளியின் மூட்டையைச் சோதிப்பதா? அவர் வாயெடுப்பதற்குள் ஞானசுந்தரி முன்னால் வந்தாள். ஒட்டிக் கட்டி முடித்திருந்த தன் பெட்டிகளைப் பிளேடால் கிழித்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து அவன் முன்னால் வைத்தாள்.

முனியராஜ் முதல் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "உங்களுது வேண்டாம்க்கா. நீங்கதான அன்னைக்கு எனக்காகப் பேசுனது."

"அதுக்கு முந்துன நாள் நானும் உன் பேரை எழுதத்தான் நினைச்சேன்" என்றாள் ஞானசுந்தரி. "அடி வரைக்கும் கைய விட்டுப் பாரு."

முனியராஜ் குனிந்து, பெட்டியின் அடி வரைக்கும் கையை விட்டுப் பார்த்தான்.