விரல் வைக்காமல் வாசித்த வேதம்

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் என்றால் ஆறரைக்கே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிற வேலை எனக்கு. வீட்டுக்காரர் பேர்ணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்துசேர எட்டாகிவிடும். அதனால் மகளை உட்காரவைத்து வேதாகமம் வாசிப்பது என் பொறுப்பு.

வாசிப்பது என்பது ஊருக்குச் சொன்ன கணக்கு. உண்மையில் எனக்குப் படிக்க வராது. பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை வரைக்கும் எழுத்துக்கூட்டித் தேறுவேன். நெருக்கி அச்சடித்த பொடி எழுத்தைப் பார்த்தாலே கண் இருட்டும். கோயிலில் கேட்டுக் கேட்டு, வேதத்தில் வரும் ஏழெட்டு சங்கீதங்கள் மனப்பாடம். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே மாற்றி மாற்றிச் சொல்வேன். நடுவில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பக்கம் புரட்டவும் பழகியிருந்தேன். எட்டாவது படித்த பெண் என்று சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்த எட்டாவதைக் கட்டிக் காப்பாற்றுவதே என் பிழைப்பாக இருந்தது.

மகள் மூன்றாம் வகுப்பு போனாள். ஞாயிறு பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் குறித்தபடி தினம் ஒரு அதிகாரம் குடும்பமாக வாசித்து, டிக் அடித்துக் கொண்டுவர வேண்டும். அவள் அதை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். மறுநாள் கம்பெனியில் தையல் கோணிக்கொண்டே போனது.

"இன்னாடி, ஊசிக்கு அடியில வெரலக் குடுக்கப் பாக்கற? மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்குது" என்றாள் பக்கத்து மெஷின் அக்கா.

"தலவலிக்கா."

"உனுக்குத் தல இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது, போ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் மகளே அதிகாரத்தைத் தேடி எடுத்து, முதல் வரியில் விரலை வைத்தாள். வேறு வழி தெரியாமல் ஒரு சங்கீதத்தை ஆரம்பித்தேன். அவள் விரல் நகரவே இல்லை.

"அம்மா, நீ சொல்றது இங்க இல்லியே."

அந்த விரல்மேலேயே பட்டென்று அடித்துவிட்டேன். "பெரியவங்க படிக்கறப்ப குறுக்க பேசுவியா?"

அவள் அழவில்லை. மறுநாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துபோய் அலமாரிக் கதவில் டிக் அடித்துவிட்டு வந்து மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் படிக்கவே இல்லியேடி?"

"படிச்சாச்சுன்னு போட்டுட்டேம்மா. அப்பதான் நீ கோச்சிக்க மாட்ட."

அதுவரை அகப்பட்டுக்கொள்வேனோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். இது வேறு பயம். என் பித்தலாட்டத்தைப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டாள். வேதப் புத்தகத்தைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்கிற பிள்ளையாக ஆக்கிவிட்டேன்.

"எனக்குப் படிக்க வராதுடி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

"அப்ப இத்தினி நாளு ஆண்டவர்கிட்டயே பொய் சொன்னியா?"

"அவருக்குத் தெரியும். உங்கிட்டயும் அப்பாகிட்டயும்தான் சொல்லல."

அவள் கையை முன்னால் கொண்டுவந்து, என் விரலைப் பிடித்து முதல் எழுத்தில் வைத்தாள். கூட்டினேன். தப்பாகக் கூட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வசனம் முடிப்பதற்குள் வியர்வையில் ஜாக்கெட் நனைந்துவிட்டது.

அன்றைக்குச் சீக்கிரமே வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"அப்பா வந்துடுச்சும்மா. மூடிடட்டா?"

மூடு என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது. "வேணாம்" என்றேன்.

அவர் சாப்பாட்டுப் பையோடு வாசலிலேயே நின்றார். நான் தலையைத் தூக்காமல் நாலாவது வசனத்தை ஒவ்வோர் எழுத்தாக, சின்னப்பிள்ளைபோல், உரக்கக் கூட்டினேன். ஒரு சொல்லில் சிக்கி நின்றேன்.

"இன்னும் எத்தினி வசனம் இருக்குது?" என்று மகளைக் கேட்டார்.

"ஜாஸ்திப்பா. அம்மா மெதுவாத்தான் படிக்கும்."

பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. சிக்கின சொல்லையே மறுபடியும் கூட்ட ஆரம்பித்தேன்.