நிர்வாகச் செலவு என்றால் யார்?

ஊருக்காகக் குரல் கொடுக்கும் சின்னச் சங்கங்களில் எல்லோரும் கையைத் தூக்கிக் கோஷம் போடும்போது, ஒருத்தி மட்டும் ஓரத்தில் நின்று சமோசா எண்ணிக்கொண்டிருப்பாள். அவள்தான் கணக்கு எழுதுகிறவள். உங்களில் யாராவது மழையில் நனைந்த பஸ் டிக்கெட்டை மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, கீழே 'மேற்படி செலவு உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், நாம் இருவரும் ஒரே ஜாதி.

எங்கள் சங்கம் தினக்கூலிப் பெண்களுக்கானது. அந்தமானில் எந்த மொழிக்காரரும் அவர்களை மஸ்தூர் என்றுதான் சொல்வார்கள். துப்புரவு, சமையல், ரோடு வேலை என்று ஒப்பந்தக்காரர்களிடம் இருப்பவர்கள். கூலியைக் குறைத்தால் மனு எழுதுவோம், அதிகாரியிடம் கூட்டிப்போவோம், சட்டப்படி எவ்வளவு வரவேண்டும் என்று சொல்லிக்கொடுப்போம். போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் ஒற்றை அறை அலுவலகம். மூன்று பேர் இருக்கிறோம். ஒருங்கிணைப்பாளர் மீரா தீதி, வங்காளி. தமிழையும் இந்தியையும் கலந்து பேசுவார். ஊர் ஊராகப் போய்வருகிறவர் பாஸ்கர் அண்ணன். கணக்குக்கு நான். பெங்களூரில் ஓர் அறக்கட்டளை பணம் தருகிறது. உறுப்பினர்கள் மாதம் பத்து ரூபாய் சந்தா தருகிறார்கள்.

லாபம் பார்க்காத கம்பெனி

அப்பா அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று அம்மாவோடு பரமக்குடிக்குத் திரும்பியபோது, நான் மட்டும் இங்கேயே தங்கிவிட்டேன். வேலை கிடைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்களைக் கப்பலில் ஏற்றிவிட்டு வந்த அன்று மத்தியானம், டாலிகஞ்சில் மளிகைக்கடைக்குப் பின்னால் ஓர் அறை பார்க்கப் போனேன். கடைக்காரர்தான் வீட்டுக்காரர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். என்ன விற்கிறீர்கள் என்று கேட்டார். எதுவும் விற்பதில்லை என்றேன். அரசாங்கமா என்றார். இல்லை, சில சமயம் அரசாங்கத்துக்கே மனு எழுதுவோம் என்றேன். கொஞ்ச நேரம் பருப்பை நிறுத்துக்கொண்டே யோசித்தார். பிறகு சாவியை எடுத்து மேஜையில் வைத்தார், ஆனால் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை. "லாபமே பார்க்காத கம்பெனின்னா, உனக்குச் சம்பளம் எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்? மூணு மாச வாடகையை முன்னாடியே குடுத்துரும்மா."

செல்வி அக்காவின் டீ

கூட்டத்தில் ஆளுக்கு ஒரு டீ, ஒரு பிஸ்கட் என்று அறக்கட்டளை பணம் ஒதுக்கியிருக்கிறது. செலவழித்தால் ரசீது வேண்டும். செலவழிக்காவிட்டால், கூட்டம் நடந்ததா என்று கேள்வி வரும். வண்டூரில் எங்கள் கூட்டம் செல்வி அக்கா வீட்டு முற்றத்தில் நடக்கும். அக்கா ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் துப்புரவு வேலை செய்கிறவர். இருபது பேருக்கும் டீ அவரேதான் போடுவார். இஞ்சி தட்டிப் போட்ட டீ.

ஒருநாள் கூட்டம் முடிந்ததும் பணத்தையும் வவுச்சரையும் நீட்டினேன். நீட்டுவதற்கு முன் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "கையெழுத்து" என்று மட்டும் சொன்னேன். அக்கா பணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. "நான் போட்ட டீக்கு நீ காசு எழுதினேன்னு வையி, அடுத்த தடவை வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிருவேன்."

ஒரு பயனாளியின் கருத்து

அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் பார்வையிட வந்தார். கூட்டத்தைப் படமெடுப்பது என் வேலை. எடுத்து முடித்ததும் வழக்கம்போலக் கடைசி வரிசையில், சுவரோரமாகப் போய் உட்கார்ந்தேன். மேடம் ஒவ்வொருவரிடமும் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். என்னிடமும் வந்தார். இந்தச் சங்கத்தால் உங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்டார்.

நான் அலுவலகக்காரி என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எதிரே ஒருவர் நின்று கேள்வி கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி முடித்துக்கொள்ளத்தான் எனக்கு வரும். யோசித்து, பொய் கலக்காமல், "மாசாமாசம் சம்பளம் ஒழுங்கா வருது மேடம்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வேகவேகமாக எழுதிக்கொண்டார். அந்த வருட அறிக்கையில் அது பெரிய எழுத்தில், ஒரு கட்டத்துக்குள் வந்தது. பாஸ்கர் அண்ணன் அதை எனக்கே உரக்கப் படித்துக் காட்டினார். ஆனால் எனக்கு நினைவிருப்பது மேடம் அன்று என் தோளைத் தட்டிச் சொன்னதுதான்: "வெரி குட். உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நாங்க இவ்வளவும் செய்றோம்."

தலைப்பில்லாத ரசகுல்லா

மற்ற இருவரும் வெளியூர் போய்விடுவார்கள். அலுவலகத்தில் நானும் பஞ்சிங் மெஷினும் இருப்போம். வடக்கே வேறொரு தீவில் இருக்கும் ரங்கத் என்ற ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் அங்கே ஜெராக்ஸ் ஒரு பக்கம் எவ்வளவு, ஆட்டோ எவ்வளவு, எந்த ஹோட்டலில் மீன் சாப்பாட்டுக்குப் பில் தரமாட்டார்கள் என்று எல்லாம் தெரியும். அங்குள்ள பெண்களின் வேலை அட்டைகளை பாஸ்கர் அண்ணன் போனில் படமெடுத்து அனுப்புவார். எத்தனை நாள் வேலை, எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவேண்டும் என்று நான் கணக்குப் போட்டு அனுப்புவேன். முகம் தெரியாது. அட்டையின் ஓரத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் மட்டும் படத்தில் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை அவர் கொண்டுவந்த ரசீதுக் கட்டில் ரசகுல்லா பில் ஒன்று இருந்தது. மூன்று கிலோ. பயணம், அச்சு, டீ என்று தலைப்புகள் உண்டு. இனிப்புக்குத் தலைப்பு கிடையாது. இதை எதில் எழுதுவது என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. எட்டு மாதமாக நாங்கள் எழுதிய மனு பலித்து, ரங்கத் பெண்களுக்குப் பாக்கிக் கூலி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கோபமாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. பில்லைத் தாளில் ஒட்டி, மேலே இடம் விட்டுவிட்டு, பேனாவோடு அவரைப் பார்த்தேன். பாஸ்கர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஜெயிச்சோம்னு ஒரு தலைப்புப் போட்டுக்கோ, பாப்பா."

பதினொன்றாவது ரூபாய்

அறக்கட்டளையிலிருந்து மெயில் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அவர்கள் தரும் நூறு ரூபாயில் பத்துக்கு மேல் நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது. மீதி தொண்ணூறும் நேராகத் திட்டத்துக்குப் போக வேண்டும். படிக்க நியாயமாகத்தான் இருந்தது. தீதியும் பாஸ்கர் அண்ணனும் ஊர்களுக்குப் போகிறவர்கள், அவர்கள் திட்டத்தில் வருகிறார்கள். அறை வாடகை, கரண்ட், இன்டர்நெட், ஆடிட்டர் ஃபீஸ் இவற்றிலேயே பத்து ரூபாய் முடிந்துவிட்டது. பதினொன்றாவது ரூபாயில் தொடங்குவதுதான் என் சம்பளம்.

புது பட்ஜெட்டைப் போடச் சொன்னார் தீதி. மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் 'கணக்காளர் – 1' என்ற கட்டத்தில் பூஜ்யம்தான் வந்தது. வேலை போனால் நான் மெயின்லேண்டுக்குக் கப்பலேற வேண்டியதுதான். வேறு வேலை தேடலாமே என்பீர்கள். நேர்முகத் தேர்வில் மூன்று இடங்களில் வாயே திறக்காமல் வந்தவள் நான். அதோடு, எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. அந்தக் கட்டைவிரல்களைப் பிடித்திருந்தது. அச்செடுத்துத் தீதியின் மேஜையில் வைத்தேன். ரொம்ப நேரம் படித்தார். ஏதாவது ஒரு செலவுக்குள் என்னை ஒளித்துவைத்துவிடுவார் என்று மனசு ஓரத்தில் எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கவிதா, இதை நீயும் நானும் முடிவு பண்ணக் கூடாதும்மா. பொதுக்குழு பண்ணட்டும். உங்க முடிவை நீங்களே எடுங்கன்னுதானே ஊரெல்லாம் சொல்றோம்?"

கை தூக்கியவர்கள்

பொதுக்குழு டாலிகஞ்சில், ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. வண்டூரிலிருந்து பஸ் நிறையப் பெண்கள். ரங்கத்திலிருந்து நாலு பேர். கணக்கை வாசிக்க வேண்டியவள் நான். தாளில் முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தேன். அறக்கட்டளையின் புது விதியையும் வாசித்தேன். செல்வி அக்கா எழுந்தார். "இந்த நிர்வாகச் செலவு, நிர்வாகச் செலவுங்கிறீங்களே, அது என்னது? ஏசியா? காரா?" சிரிப்பு எழுந்தது. "நம்ம காசு அதுக்கு எதுக்கு? தூக்குங்க அதை!" ஆமாம் ஆமாம் என்று குரல்கள். எடுத்துவிடலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தீதி. அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

கைகளை எண்ணுவதும் என் வேலைதான். எண்ணினேன். நாற்பத்தி ஒன்று. கூட்டக் குறிப்பேட்டில் எழுதினேன். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார் தீதி. நானும் மாதம் பத்து ரூபாய் கட்டுகிற உறுப்பினர்தான் என்பது அந்த நேரத்தில் எப்படியோ ஞாபகம் வந்தது. கையைத் தோள் வரைக்கும்தான் தூக்க முடிந்தது. மைக்கில் என் குரல் யாருடையதோபோல் கேட்டது. "நிர்வாகச் செலவுன்னா… அது நான்தான்." தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. செல்வி அக்கா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். "நீயா? நீ ஏன்டி செலவுல போய் உக்காந்திருக்க?"

கட்டைவிரல்

அதன்பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரங்கத்திலிருந்து வந்திருந்த அனிமா மாஷி, சாலை வேலை செய்கிற வங்காளி அம்மா, மேடைக்கே வந்துவிட்டார். தன் பாக்கிக் கூலியை நாள்வாரியாகக் கணக்குப் போட்டது யார் என்று இந்தியில் கேட்டார். போன்தான் போடுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். பாஸ்கர் அண்ணன் எழுந்து, "நான் போட்டோ மட்டும்தான் அனுப்புவேன், கணக்கு பாப்பா போடுறது" என்றார். மாஷி என் கையைப் பிடித்துக்கொண்டார். முழங்கைவரை தார் வாசனை. கட்டைவிரலில் ஒரு பழைய தழும்பு. நான் பார்த்திருக்கிறேன் அதை.

கூலிக் கணக்குப் போடுவது திட்டம்தானே, அதை ஏன் இத்தனை நாள் ஆபீஸ் செலவில் எழுதினோம் என்று தீதி கேட்டார். எழுதியவள் நான், எனக்கே தெரியவில்லை. கடைசியில் இப்படி முடிவானது: வாரத்தில் நாலு நாள் நான் ஊர்களுக்குப் போய், பெண்களோடு உட்கார்ந்து, அவரவர் கூலியை அவரவரே கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அது திட்டம். ஒரு நாள் அலுவலகக் கணக்கு. அதற்குச் சம்பளம் உறுப்பினர் சந்தாவிலிருந்து. நடந்ததை நடந்தபடி எழுதி அறக்கட்டளைக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்துச் சம்மதம் வந்தது. ஆனால் அன்றைக்கே, மறுபடி கை தூக்குவதற்கு முன்பே, செல்வி அக்கா ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "ஊருக்கு வந்தா வாயைத் திறந்து பேசணும். மூலையில உக்காந்துட்டுப் போறதுன்னா இப்பவே சொல்லிரு."

முதல் சனிக்கிழமை

முதல் கூட்டம் வண்டூரில். சிலேட்டுப் பலகையைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தார்கள். ஒரு நாள் கூலியை எழுதினேன், வேலை நாட்களை எழுதினேன், பெருக்கினேன். என்ன செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்யவேண்டும் என்பது பாதியில்தான் உறைத்தது. சத்தமாக, சத்தமாக என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சத்தமாகச் சொன்னேன். நாலாவது வரியில் ஓர் அம்மா, அது தப்பு, ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிட்டாய் என்று திருத்தினார். சரிதான். அழித்து எழுதினேன். அதற்குப்பின் எப்படியோ ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி, பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, இந்தப் பொண்ணு எப்பவும் இவ்வளவு பேசுமா என்று கேட்டது வேலிக்கு இந்தப் பக்கம் என் காதில் விழுந்தது. செல்வி அக்கா டம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "எங்க பேசுது? பேசட்டும்னுதான் மாசம் பத்து ரூபா குடுக்குறோம்."

யாரோடும் பேச வேண்டியிருக்காது என்று நம்பி பி.காம். படித்தவள் நான், இப்போது பேசினால்தான் சம்பளம், பேசி முடித்து அறைக்கு வந்தால் பேச ஆளில்லை.