நான்கு போர்வெல், ஒரு மீட்டர்

பெரியநாயக்கன்பாளையத்துக்கு அருகே ஓர் ஊராட்சியில் செவ்வந்தி தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்க்கிறார். அவருடைய தாயும் தகப்பனும் கடைசிவரை அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டால் மூன்று மணி நேரத்தில் மேல்நிலைத் தொட்டி நிரம்பிவிடும். பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது.

அதற்கடுத்த கோடையில் அது ஐந்து மணி நேரமானது. பல தெருக்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஜனங்கள் செவ்வந்தியைத்தான் ஏசினார்கள்.

"உனக்கு வேண்டப்பட்டவீங்க தெருவுக்கு மட்டும் தொறந்து உடறயா?" என்று தண்ணீர் எட்டாத தெருவில் குடியிருந்த பாப்பாயி முகத்துக்கு நேராகவே கேட்டார்.

செவ்வந்தி அழுதுகொண்டே வீடு வந்தார். மறுநாளிலிருந்து மோட்டார் ஓடிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார்.

ஊருக்கு மேற்கே அந்த வருடம்தான் ஒரு டேட்டா சென்டர் திறந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களின் சூட்டைத் தணிக்க அங்கே ஓயாமல் தண்ணீர் தேவைப்பட்டது. ஊரார் புகார் கொடுக்க, அதிகாரிகள் வந்து ஊராட்சி அலுவலகத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்து விசாரித்தார்கள்.

"அனுமதிச்ச அளவுதான் எடுக்கறோம். மீட்டர் இருக்குதுங்க" என்றார் நிறுவனத்தின் மேனேஜர்.

செவ்வந்தி எழுந்து, தொட்டி நிரம்ப மோட்டார் ஓடிய நேரத்தை நோட்டிலிருந்து தேதிவாரியாகப் படித்தார். படித்து முடித்ததும், மேனேஜருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்நிறுவன என்ஜினியர் உமர் பாரூக் எழுந்தார்.

"மீட்டர் ஒரு போர்வெல்லுக்குத்தாங்க இருக்குது. மொத்தம் நாலு ஓடுதுங்க."

அதன்பிறகே உத்தரவு வந்தது. நான்குக்கும் மீட்டர் வேண்டும். தண்ணீர், மின்சாரம் இரண்டின் அளவையும் மாதாமாதம் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குள் சுத்திகரித்த கழிவுநீருக்கு மாற வேண்டும். நிறுவனம் எட்டு மாதம் இழுத்தது. ஆனால் மாறியது.

இப்போது தொட்டி மூன்றரை மணி நேரத்தில் நிரம்புகிறது. "அன்னிக்கு வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன் அம்மணி, மனசுல வெச்சுக்காத" என்று பாப்பாயி வந்து சொன்னார்.

உமர் பாரூக் அந்த வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்ட செவ்வந்தி, விலாசம் விசாரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போத்தனூருக்கு பஸ் ஏறினார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"என்னால உங்க வேலை போயிருச்சுங்களே சார்."

"நானா விட்டதுதாங்க அக்கா. இப்ப வேற எடத்துல நல்லா இருக்கேன். நீங்க அந்த நோட்டப் படிக்கலைன்னா நானும் பேசாமத்தான் இருந்திருப்பேன்."

"ஊரே என்னையத் திருடி மாதிரி பாத்துச்சுங்க. நீங்கதான் என் பேரக் காப்பாத்துனீங்க" என்று கைகூப்பினார் செவ்வந்தி.

உமர் பாரூக்கின் மனைவி உஸ்மா அவரைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.