மாசாயில் ஒரு நிமிட மௌனம்

இரண்டு வாரத்துக்கு முன்பு மாசாயில் ஒரு வீட்டில் மௌன அஞ்சலி நடந்தது. யாரும் இறந்துபோகவில்லை. காரணம் — நான்தான்.

என் பிழைப்பு பாட்காஸ்ட் தயாரிப்பது என்று உங்களுக்குத் தெரியும். என் அம்மாவுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

"ரேடியோவா?"

"ரேடியோ மாதிரி."

"எத்தன மணிக்கு வரும்?"

"எப்ப வேணும்னாலும் கேக்கலாம்மா."

"அப்ப பெறகு கேட்டுக்கிறேன்."

மூன்று வருடமாக அந்தப் 'பெறகு' வரவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செல்வி அக்கா பத்தொன்பது வருடமாக மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி, சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போய் வருபவர். இந்த மாதக் கடைசியோடு வேலையை விடுகிறார். போனில் பேசியபோது... அடடா! மழை, பாலத்து டிராஃபிக் ஜேம், இமிகிரேஷன் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு பாஸ்போர்ட் தேடுகிறவர்கள் என்று எல்லாரையும் ஒரு பிடி பிடித்தார். இதுதான் அடுத்த எபிசோட் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நான் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மைக்கை நீட்டினேன். அக்கா தொண்டையைச் செருமினார். கைப்பையிலிருந்து நான்கு பக்கக் காகிதம் வெளியே வந்தது.

"அன்பார்ந்த நேயர்களே! அண்டை நாட்டை நோக்கி அன்றாடம் இருசக்கர வாகனத்தில் பயணம் மேற்கொள்ளும் அடியேன்..."

அடியேனா?

மைக்கைக் கண்டால் நம் ஆட்களுக்கு ஏன் இப்படி ஆகிறது? கல்யாண மண்டபத்தில் 'கார் நம்பர் இது, நகத்துங்க' என்று சொல்ல வந்தவர்கூட, 'வாகன உரிமையாளர் அவர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்றுதானே ஆரம்பிக்கிறார்?

"அக்கா, போன்ல பேசின மாதிரி சும்மா பேசுங்க."

"முடியாது தங்கச்சி. தங்காக்ல துணிக்கடை வெச்சிருக்காங்களே எங்க நாத்தனார், அவங்க கேப்பாங்க. எஸ்டேட்டுப் பொண்ணு, வாயத் தொறந்தா மீன் பாசார் மாதிரி இருக்குன்னு எங்க கல்யாணத்தன்னிக்கே சொன்னவங்க. ஒரு தடவையாச்சும் நான் நல்ல தமிழ் பேசறத கேக்கட்டும்."

இதற்கு மேல் என்ன சொல்ல? நான்கு பக்கத்தையும் பதிவு செய்தேன். எபிசோட் போச்சு என்று மனசுக்குள் அழுதேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வோம். எடிட்டில் வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும். அதனால் சொன்னேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியா இருங்க."

அக்காவின் கணவர் மணியம் அண்ணன் கோயில் கமிட்டி செயலாளர். 'ஒரு நிமிஷம் அமைதி' என்று யார் சொன்னாலும் அவர் கால் தானாக எழுந்து நின்றுவிடும். எழுந்தார். மரியாதைக்குக் காத்தாடியை வேறு நிறுத்தினார். கைகளைக் கட்டித் தலை குனிந்தார். அவரைப் பார்த்து அக்காவும் எழுந்து குனிந்தார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? நானும் நின்றேன்.

சரியாக அப்போது கறிவேப்பிலை கேட்டு வந்தார் பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா.

"ஐயோ செல்வி! யாரு?"

"யாருன்னு இன்னும் சொல்லலக்கா," என்றார் மணியம் அண்ணன், தலை நிமிராமல். "கமிட்டில யாராச்சும் இருக்கும்."

லட்சுமி அக்கா ஒப்பாரிக்கே தயாராகிவிட்டார். செல்வி அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அலமாக்! யாரும் சாகல லா! பத்தொம்பது வருஷம் மழையில பாலத்துல போயிருக்கேன், அப்பெல்லாம் சாகாதவ... இந்த நாலு பக்கத்தப் படிக்கிறதுக்குள்ள செத்துட்டேன்!"

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. ஷூவுக்குள் தண்ணீரோடு எட்டு மணி நேரம் நின்றது, ஹெல்மெட்டுக்குள் அழுதது, ஒரு நாள் பாலத்தில் வழுக்கி விழுந்தது...

"ஒரு வயசான மலாய்க்கார பாக் சிக்தான் 'பெலான் பெலான் காக்', மெதுவா அக்கான்னு கையப் புடிச்சுத் தூக்கிவிட்டாரு. ரத்தத்தத் தொடச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன். வீட்ல சொன்னா வேலைய விடச் சொல்லுவாங்கன்னு சொல்லல."

மணியம் அண்ணன் இதை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார். கட்டிய கையை அவர் அவிழ்க்கவே இல்லை.

அக்காவின் பார்வை ரெக்கார்டரின் சிவப்பு விளக்கில் விழுந்தது.

"இது ரெக்கார்டுல ஏறலதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஏறிடுச்சுக்கா."

"அழிச்சிடு."

"அழிக்கிறேன். ஒரே ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். நான்கு பக்கத்தில் இரண்டாவது பக்கத்துக்கே அக்கா கொட்டாவி விட்டார். காகிதம் இல்லாமல் பொரிந்து தள்ளியதைக் கேட்டபோது தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். பாலத்தில் விழுந்த இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதையே போடு," என்றார் கடைசியில். "ஆனா அந்தக் காயிதத்துல கடசி வரி இருக்கே... 'நன்றி கூறி விடைபெறுகிறேன், வணக்கம்'னு. அத மட்டும் சேத்துக்க. நாத்தனாருக்காக."

சேர்த்தேன். எபிசோட் வெளியானது. நேற்று அக்கா போன் செய்தார்.

"தங்கச்சி, நாத்தனார் பேசினாங்க."

"என்ன சொன்னாங்க?"

"விழுந்தத எங்கிட்டகூட ஏன்டி சொல்லலன்னு அழுதுட்டாங்க."

"தமிழப் பத்தி ஏதாச்சும்...?"

"சொன்னாங்க. 'எல்லாம் நல்லா இருந்துச்சு, கடசில யாரோ ஒரு பொம்பள வந்து வணக்கம் சொல்றாளே, அது யாரு'ன்னு கேட்டாங்க."