பஞ்சாங்கத்து நிலா

சிலி நாட்டுத் தென்கரையில் சான் ரொமுவால்தோ துறைமுகம். அங்கே தெருவில் கேஸ் விளக்கு ஏற்றுகிறவன் நசாரியோ ஓயார்சோ, கேஸ் கம்பெனியின் ஆள். நகரசபைக்கும் கம்பெனிக்கும் ஓர் ஒப்பந்தம்: பஞ்சாங்கத்தில் நிலா இருக்கும் இரவுகளில் விளக்கு ஏற்ற வேண்டாம். மேகம் மூடட்டும், மழை கொட்டட்டும். அச்சடித்த நிலா காய்ந்தால் போதுமாம்! மழை விடாத அந்த ஊரில் இப்படியொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்களை என்ன சொல்ல?

அப்படியொரு கருத்த பௌர்ணமியில்தான் அவனுடைய தங்கை தொமித்திலாவின் கணவன் லிசாந்த்ரோ படகுத்துறையிலிருந்து கடலில் விழுந்து செத்தான். கடைசியாக அவன் கூப்பிட்டது துறை விளக்குக் கம்பத்தடியில் நின்ற நசாரியோவுக்குக் கேட்டது. "மச்சான், கண்ணு தெரியல, விளக்க ஏத்து!" கம்பெனி உத்தரவை நினைத்துக் கை தயங்கியது. அதற்குள் தண்ணீர்ச் சத்தம். அதன்பிறகு சாப்பிட உட்கார்ந்தாலும் பூசைக்குப் போனாலும் அந்தக் குரல் விடவில்லை. பாவம், ஆள் பாதியாகிப் போனான்.

பங்குச் சாமியாருக்குச் சந்தேகம். தொமித்திலாவிடமே சொன்னார். "பௌர்ணமி வெளிச்சத்துல எவன்மா தவறி விழுவான்? தானா குதிச்சிருப்பான்." தற்கொலை செய்தவனுக்குப் புனித மண்ணில் இடமில்லை என்று சொல்லிக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டார்கள். இருட்டில் விளக்கு ஏற்றவில்லை என்று நகரசபை கம்பெனி மேல் வழக்குப் போட்டதும், "இருட்டுன்னு கோர்ட்டு சொல்லட்டும், உள்ள எடுத்து வைக்கிறேன்" என்றார் சாமியார். தொமித்திலா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

வேலை போனால் போகட்டும் என்று நசாரியோ சாட்சிக் கூண்டில் ஏறினான். மச்சானின் கடைசி வார்த்தையைச் சொன்னான். தான் ஏற்றாமல் நின்றதையும் மறைக்கவில்லை. "மையிருட்டுங்க ஐயா. என் கையே எனக்குத் தெரியல."

கம்பெனி வக்கீல் சிரித்தார். "பஞ்சாங்கத்துல என்னப்பா போட்டிருக்கு?"

"பௌர்ணமிங்க."

"அப்புறம் என்ன?"

செத்தவன் பேச்சு ஒப்பந்த வழக்கில் சேராது என்று நீதிபதி அதைச் சாட்சிப் பதிவிலிருந்து அடிக்கச் சொன்னார். ஒப்பந்தப்படி அன்றிரவு வெளிச்சம் இருந்தது என்று தீர்ப்பும் சொன்னார். அடப்பாவிகளா!

கோர்ட்டு வாசலில் தொமித்திலா கேட்டாள். "அண்ணே, நீ சொன்னது அவங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா. எழுதிக்கல."

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைகூடத் தவறவிடாதவள் அவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்ப எனக்கு ஒண்ணு செய். நான் செத்தா என்னையும் சுவத்துக்கு வெளியவே போட்டுடு. அவரு அங்க தனியா கெடக்காரு."