தாண்டுவதற்கல்ல இந்தப் பாலம்

தங், தங், தங். இரும்புத் தகட்டுப் படியில் செருப்பு விழுகிற சத்தம். எந்த ஊர் ரயில் நிலையத்தில் அதைக் கேட்டாலும் ஆம்பூர் நெடுஞ்சாலைக்கு மேலே, கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிற என் அக்கா வந்துவிடுகிறாள். ஷூ கம்பெனியில் இருபது வருஷமாக மேல்தோல் தைக்கிறவள். திரும்பிப் பார்க்காமலே சொல்வாள், "ஏறி வர்றது ரப்பர். பின்னாடி இன்னொருத்தர், இடது குதிகால் தேஞ்சிருக்கு." திரும்பிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும்.

அந்த நடைமேம்பாலத்தை ரோட்டைத் தாண்டுவதற்காகக் கட்டினார்கள். ஒருத்தரும் தாண்டவில்லை. ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடம் ஓரிடம், படிக்கட்டு தொடங்குகிற இடம் எங்கேயோ. நடுத்தடுப்பில் வைத்த அரளிச் செடிகளை மிதித்து மிதித்து நாங்களே ஒரு சந்து போட்டிருந்தோம். அதில் புகுந்தால் பத்து எட்டில் அந்தாண்டை. பாலம் என்றால் நாற்பத்திச் சொச்சம் படி ஏறி, அத்தனையும் இறங்க வேண்டும். எவனுக்கு வேலை இல்லை?

ஆனால் ஒரு தரம் ஏறிப் பார்த்தவர்கள் இறங்க மனசில்லாமல் நின்றுவிட்டார்கள்.

காரணம் உயரம். அந்த உயரத்தை லாரிகளுக்காக வைத்திருந்தார்கள். சுமை ஏற்றிய லாரி இடிக்காமல் போக வேண்டும். தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடையும் சரியாக அந்த உயரத்தோடு முடிந்துபோகிறது என்பது வரைபடம் போட்டவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கீழே சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்து மூக்கில் உட்கார்ந்திருக்கும். கடைசி மூன்று படியில் அது எழுந்து போய்விடும். மேலே மலைகளுக்கு நடுவில் இருந்து புறப்பட்ட காற்று, யாரும் இன்னும் மூச்சு விடாத காற்று, நேராக முகத்துக்கு வரும். கூட்டம் எதிரும் புதிருமாகப் போவதற்கென்று நடைபாதையை அகலமாக விட்டிருந்தார்கள். பாய் விரிக்கத் தோதாக இருந்தது. கைப்பிடி, முழங்கை வைக்கிற உயரம். மேலே கூரை. யாரோ ஒரு இன்ஜினியர் எங்களுக்கு ஒரு கடற்கரையைக் கட்டிக் கொடுத்து, பாலம் என்று பேர் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பெனி விட்டதும் கூட்டம் ஏறும். டீ விற்கிற பாய் ஒருத்தர் கேனோடு ஏறுவார். எங்கள் பக்கத்துக்காரர்கள் எங்கள் பக்கப் படியில் ஏறி அதிலேயே இறங்குவார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தோம். குடியாத்தத்தில் இருந்து ஒரு தறிக்காரக் குடும்பம், நெமிலியில் இருந்து ஒரு விவசாயக் குடும்பம், அடுக்குக் கேரியரோடு. வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப் போகலாமே என்று நான் ஒரு தரம் கேட்டேன். அக்கா சொன்னாள், "கோட்டைக்குப் போனா கோட்டையைத்தான் பாக்கணும். இங்க நின்னா எல்லாரும் எங்கியோ போறதைப் பாக்கலாம்."

அதைத்தான் பார்த்தோம். சனிக்கிழமையானால் ஏலகிரிக்குப் போகிற கார்கள். கூரையில் பை, பின்கண்ணாடியில் கால் நீட்டிய குழந்தை. சுற்றுலா போகிறவர்களைப் பார்க்கிற சுற்றுலா. "இது ஏலகிரி வண்டி," என்பாள் அக்கா. "எப்படிச் சொல்றே?" "முன்சீட்ல இருக்கிறவ சிரிக்கிறா. பெங்களூர் போறவ சிரிக்க மாட்டா."

ஏலகிரி அவளுக்கு வெறும் மலை இல்லை. கல்யாணமானபோது மாமா, அதாவது அவள் புருஷன், பொங்கல் லீவுக்கு ஏலகிரி கூட்டிப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னார். ஏழாவது பொங்கலுக்கு அவள் புளிசாதம் கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி எங்கள் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். ஏலகிரி பஸ் இந்தப் பக்கம்தான் நிற்கும். "நீ போய் நில்லு, பின்னாடியே வர்றேன்" என்ற மனுஷன் கேரம் போர்டில் உட்கார்ந்து மறந்துபோனார். பொழுது சாயும்வரை நின்றாள். பிறகு அந்தப் பையோடு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். அழவில்லை. "புளிசாதம் கெட்டுடப் போவுது, சாப்பிடு" என்று எனக்குத்தான் போட்டாள். மறுநாள் கூப்பிட வந்தவரிடம் ஒரே பேச்சு: "இனிமே இந்த ரோட்டுக்கு அந்தாண்ட என் காலு படாது."

பதினாறு வருஷம் படவில்லை. கம்பெனி பஸ் அந்தப் பக்கத்து ரோட்டில் போகுமே என்றால், "அது பஸ்ஸோட காலு" என்பாள். ஒரு நாளில் அவளுக்கு என்று இருந்தது அந்த அரை மணி நேரம்தான், பாலத்தின் மேல். அதிலும் நடுக்கோட்டைத் தாண்ட மாட்டாள்.

ஒரு நாள் டீ பாய் கேனை டங்கென்று வைத்தார்.

"நாளன்னிக்கு எண்ண வர்றாங்க."

"இன்னாத்த எண்ண?"

"எத்தனை பேர் தாண்டுறாங்கன்னு. கம்மியா இருந்தா கழட்டி வேற ஊருக்கு எடுத்துனு போய்டுவாங்களாம்."

தாண்டுவதா? எங்களில் யாருக்கும் அந்த யோசனையே வந்ததில்லை.

எண்ண வந்த அன்றைக்கு அரை ஊர் லீவு போட்டது. காலையில் இருந்து தாண்டினோம். இங்கே ஏறி அங்கே இறங்கி, அங்கே ஏறி இங்கே இறங்கி. வேலை இருக்கிற முகம் வேண்டும் என்று பாய் கட்டளை போட்டிருந்தார். அதனால் ஆளுக்கொரு பை. எல்லாம் காலிப் பை. காற்று அருமையாக வீசியது, ஒருத்தரும் நிற்கவில்லை. ஒரு ஏலகிரி வண்டியைக்கூட யாரும் பார்க்கவில்லை. நான் பதினோரு தரம் தாண்டி, எந்தப் பக்கம் என் வீடு என்பதே குழம்பிப்போய் நின்றேன்.

எண்ணுகிற அம்மா அந்தப் பக்கத்துப் படியின் அடியில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கையில் டிக் டிக் என்கிற சின்ன எண்ணி. தரையில் கால் வைத்தால்தான் டிக். அக்கா எல்லோரையும்விட வேகமாக நடந்தாள். நடுக்கோட்டைத் தாண்டினாள், அதுவே அவளுக்குப் பெரிய சமாச்சாரம். அந்தப் பக்கத்தின் கடைசிப் படி வரைக்கும் இறங்கி, அங்கேயே திரும்பி ஏறினாள்.

"அக்கா, காலைலேர்ந்து பேய் புடிச்ச மாதிரி நடக்குறே, ஒரு டிக்குகூட விழல," என்றார் பாய். "ஒரே ஒரு காலை வெச்சுட்டு வாயேன்."

"அப்ப நான் சொன்னது இன்னாவாறது பாய்?"

"பாலம் இன்னாவாறது?"

மறுபடி நடந்தாள்.

இதற்குள் எதிர்ப்பக்கத்தில் இருந்து மாமாவும் தாண்ட ஆரம்பித்திருந்தார். அவரும் ஒரு காலிப் பையோடு. அவருக்கும் பாலத்தின் அந்தப் பாதியில் ஒரு கைப்பிடி, சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் இருந்தது. எனக்கு அது முன்பே தெரியும், அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். முதல் தரம் இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கடந்தார்கள். இரண்டாவது தரம் மாமா காற்றிடம் கேட்டார், "முழங்கால் வலியா?" நிற்க முடியாதே, ஆள் போய்விட்டார். அடுத்த சுற்றில் அக்கா பதில் வைத்திருந்தாள்: "யாரு சொன்னது?" அதற்கடுத்த சுற்றில் அவர்: "படிச் சத்தம்." இப்படியே ஒரு மணி நேரத்தில் ஐந்து வாக்கியம் பேசினார்கள்.

"இன்னும் கேரம் ஆடுறீங்களா?"

தங், தங். நாற்பத்திச் சொச்சம் படி. மறுபடி நாற்பத்திச் சொச்சம்.

"போர்டு ஒடஞ்சுபோச்சு."

மதியத்துக்கு மேல் எண்ணுகிற அம்மாவே பொறுக்காமல் கூப்பிட்டார். "ஏம்மா, நீங்க தரைக்கு இறங்கலன்னா நான் அமுத்த முடியாதும்மா."

அக்கா கடைசிப் படியில் நின்று யோசித்தாள். பிறகு செருப்பைக் கழற்றி, குனிந்து, அந்தப் பக்கத்துத் தரையில் ஜோடியாக வைத்தாள். படியிலேயே வெறுங்காலோடு நிமிர்ந்தாள்.

"இது தாண்டிடுச்சு. அமுத்துங்க."

அந்த அம்மா மடியில் இருந்த தாளை முன்னும் பின்னும் புரட்டினார். செருப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லைபோல. ஊரே படியில் நின்று பார்த்தது. டிக்.

அதன்பிறகு ஒவ்வொரு தரமும் அப்படித்தான். ஊருக்கு ஊர் ஷூ அனுப்புகிற கை, தன் ரப்பர் செருப்பை மட்டும் அந்தாண்டை அனுப்பி அனுப்பித் திரும்ப எடுத்துக்கொண்டது. ஏழெட்டுத் தரம் ஆனதும் முழங்கால் மடங்க மறுத்தது. செருப்பு கீழே, அவள் மேலே, நடுவில் ஒரு படி. பின்னாலேயே வந்த மாமா ஒன்றும் பேசாமல் குனிந்து, செருப்பை எடுத்து, தூசி தட்டி, அவள் நின்ற படியில், ஏறுகிற பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தார். தன் காலிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அந்தாளு எனக்காகத் தூக்கி வெச்ச மொத சாமான்," என்றாள் அக்கா, வீட்டுக்கு வரும்போது. சிரித்தாளா, முழங்கால் வலியில் முகம் கோணினாளா, தெரியவில்லை.

பாலம் தங்கியது. அளவுக்கு மீறித் தங்கியது. இத்தனை பேர் தாண்டுகிற பாலத்தில் நின்றால் நெரிசல் என்று 'நிற்காமல் நடக்கவும்' என்ற பலகையை மாட்டினார்கள். தவறி விழக்கூடாது என்று இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் தகரம் அடித்தார்கள். தகரத்தை வீணாக விடுவானேன் என்று அதில் ஒரு விளம்பரம்: ஏலகிரியில் விடுதி, ஏரி, ஏரியில் படகு. எல்லாம் வெளிப்பக்கம், வண்டிக்காரர்களுக்கு. உள்பக்கம் எங்களுக்குத் தகரத்தின் முதுகு.

நாங்கள் தாண்டித் தாண்டி, தாண்டுவதைத் தவிர வேறெதற்கும் ஆகாததாக அதை ஆக்கிவிட்டோம். கூட்டம் கரைந்தது. அக்கா மட்டும் கம்பெனி விட்டதும் ஏறி, தகரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். காற்று தகரத்தில் மோதித் திரும்பிப் போகிற சத்தம் கேட்கிறது என்பாள்.

மூன்றாம் வாரம் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தாள். தகரத்தில் ஒரு போல்ட் மாட்ட மறந்திருந்தார்கள், சரியாக அவள் கண் உயரத்தில். செய்தி பரவி மறுபடி கூட்டம் ஏறியது. ஓட்டைக்கு வரிசை. பாய் கேனை ஓரமாக வைத்துவிட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டார். "ஆளுக்கு ஒரு பஸ்ஸு, ரெண்டு காரு. ஜாஸ்தி பாக்காத, நகரு." பலகையில் சொன்னபடியே யாரும் நிற்கவில்லை, வரிசை நகர்ந்துகொண்டேதான் இருந்தது.

ஒரு சாயங்காலம் நான் கீழே ரோட்டோரம் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஏரி. ஏரியில் படகு. படகின் நடு சீட்டில், பெயிண்டில் இல்லாத ஒரு கண். இமைத்தது. அக்கா.

ஏறிப் போனேன். அவளுக்குப் பின்னால் வரிசையில் மாமா நின்றிருந்தார். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் பாதியில். அவள் ஒரு பஸ்ஸையும் இரண்டு காரையும் பார்த்து முடித்து விலகினாள். அவர் குனிந்து கண்ணை வைத்தார்.

"முன்சீட்ல சிரிக்கிறா," என்றார் ஓட்டையைப் பார்த்தபடியே.

"அப்ப ஏலகிரிதான்."

அவர் நிமிர்ந்தார். அக்கா அதற்குள் எங்கள் பக்கத்துப் படியில் இரண்டு இறங்கியிருந்தாள்.

"இந்தா, பொங்கலுக்கு லீவு உண்டுதானே?"

"உண்டு. புளிசாதம் நான் கட்ட மாட்டேன்."

"நான் கட்றேன். எங்க நிப்பே?"

அவள் திரும்பவில்லை. தங், தங், தங் என்று இறங்கிக்கொண்டே சொன்னாள்:

"பஸ்ஸு எங்க பக்கம்தான் நிக்கும். தாண்டி வர வேண்டியது நீங்கதான்."